சந்தூக்கைச் சுமக்கும் தோள்கள்



பள்ளிக்கூட விடுமுறை வந்துவிட்டால் மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் மலைக்கு வேன்கள் வரிசையாக ஏறுகின்றன. அந்தக் காற்றும் பனிமூட்டமும் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பிட்டவல பத்தனைப் புல்வெளியையும் பார்த்துவிட்டுப் பொழுது சாயுமுன் திரும்பிவிடுகிறோம். அதே பாதையில் இலுக்கும்புர, பல்லேகம என்று ஊர்கள் இருக்கின்றன. அங்கே வாழ்கிறவர்களைப் பற்றி நாம் அதிகம் யோசிப்பதில்லை.

அந்த மலைக் கிராமங்களில் ஒரு தலைமுறை ஏலத்தை நம்பி வாழ்ந்தது. பின்னர், காட்டைக் காப்பதற்காக காட்டுக்குள் ஏலம் பயிரிடுவது தடுக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் நக்கிள்ஸ் பாதுகாக்கப்பட்ட வனமாகவும் அறிவிக்கப்பட்டது. காட்டைக் காத்தது நல்ல காரியம்தான். ஆனால் இளையவர்கள் தொழில் தேடி மலையிறங்கினார்கள். வயதானவர்கள் ஊரிலேயே தங்கிவிட்டார்கள். மலையூரில் தனித்திருக்கும் ஒருவருக்கு பஸ் தவறினால் கிளினிக்கும் தவறும். கிளினிக் தவறினால் மருந்தும் தவறும்.

இது மலையூர்களின் கதை மட்டும்தானா? ஒரு மகன் கொழும்பில், இன்னொருவர் கட்டாரில், மகள் கணவனின் ஊரில் என்றிருக்கும் நம் வீடுகளிலும் இதே கதைதான். மாதம் பிறந்தால் பணம் வரும். உம்மாவின் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகத்தான் ஆள் இருக்காது.

நாட்டின் கணக்கைப் பாருங்கள். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் 65 வயதைத் தாண்டியோர் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவில் இருந்தனர். 2024இல் அது பன்னிரண்டைக் கடந்துவிட்டது. பிறப்புகளோ 2012இல் மூன்றரை இலட்சத்துக்கு மேல் இருந்து, 2024இல் இரண்டேகால் இலட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டன. பார்க்கப்பட வேண்டியவர்கள் கூடுகிறார்கள், பார்ப்பவர்கள் குறைகிறார்கள். பெண்கள் ஆண்களைவிட நீண்ட காலம் வாழ்வதால், இறுதிக் காலத்தில் தனித்துப் போகிறவர்களில் விதவைகளே அதிகம். சகோதரிகளே, இது நம் உம்மாமாருடைய பிரச்சினை. நாளை நம்முடைய பிரச்சினை.

முதுமை நீண்டது ஒரு சாபமல்ல. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியபின், மருத்துவமாதர் வீடு வீடாகப் போய்த் தாயையும் சேயையும் காத்ததும் சேர்ந்து தந்த பலன் அது. இன்றும் ஒரு பெண் கருவுற்றால் 'மிட்வைஃப் மிஸ்' வீடு தேடி வருகிறார். எடை பார்க்கிறார், கொப்பியில் எழுதிக்கொள்கிறார். ஒருவர் மௌத்தானால் ஜனாஸா நலன்புரிச் சங்கம் அந்த நிமிடமே எழுந்து நிற்கிறது. கபன் துணி, சந்தூக்கு, கதிரை, கூடாரம் எல்லாம் ஆயத்தம். சிங்களக் கிராமங்களின் மரண உதவிச் சங்கங்களும் அப்படித்தான். பிறப்புக்கும் ஏற்பாடு உண்டு, இறப்புக்கும் ஏற்பாடு உண்டு. இறப்புக்கு முந்திய பத்துப் பதினைந்து வருடத் தள்ளாமைக்கு ஊரில் என்ன ஏற்பாடு உண்டு?

சட்டம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பெற்றோரைக் கைவிட்ட பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புச் செலவைப் பெற முதியோர் பராமரிப்புச் சபையிடம் முறையிடலாம். ஆனால் எத்தனை உம்மாமார் தம் பிள்ளைமீது முறைப்பாடு எழுதிக் கொடுப்பார்கள்? பசித்தாலும் "என்ட மகன் நல்லவன்" என்றுதானே சொல்வார்கள்! சட்டம் கடைசி வாசல். அதற்கு முன் உறவும் ஊரும் ஆகிய வாசல்கள் திறந்திருக்க வேண்டும்.

ஊர் என்ன செய்யலாம் என்பதற்குக் கேரளம் ஒரு முன்மாதிரி. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோய்த் தணிப்புப் பராமரிப்புப் பணி, பின்னர் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மலப்புறம் மாவட்டத்தில் ஊர் மக்களின் இயக்கமாகவே வளர்ந்தது. அயலவர்களே பயிற்சி பெற்றுத் தொண்டரானார்கள். சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, படுக்கையில் கிடப்போரின் வீட்டுக்குத் தாதியுடன் போனார்கள். மதம் பார்க்கவில்லை. 2008இல் கேரள அரசே இதற்கென ஒரு கொள்கையை வகுத்தது.

நம்மிடம் அதற்கான அத்திவாரம் ஏற்கெனவே உண்டு. ஜனாஸாச் சங்கத்திடம் வீட்டுப் பட்டியல் இருக்கிறது, மாதச் சந்தா இருக்கிறது, ஓடிவரும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அதே பட்டியலில் தனித்திருக்கும் முதியவர்களின் பெயருக்கு நேரே ஓர் அடையாளம் இடுவோம். அவர்களின் கிளினிக் நாளைக் குறிப்போம். அன்று துணைக்குப் போக ஒருவரை நியமிப்போம். முதியோர் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கத் தெரியாதவர்களைப் பிரதேச செயலகத்துக்கு அழைத்துப் போவோம். பக்கத்து வீட்டுச் சிங்களத் தாயும் தோட்டத்து லயத்தில் இருக்கும் தமிழ்த் தாயும் இந்தப் பட்டியலில் இருக்கட்டும். அயலவர் ஹக்கு எல்லோருக்கும் உரியது.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. பெற்றோரைப் பேணுவது மார்க்கம் பிள்ளைகள்மீது வைத்த கடமை. உங்கள் கடமையை மனைவியின் தலையில் முழுதாக இறக்கிவிட்டுப் பள்ளியில் போய் உட்காராதீர்கள். படுக்கையில் இருப்பவரைப் புரட்டிப் படுக்கவைத்து, துடைத்து, ஊட்டி, இரவில் நான்கு தடவை எழும்பும் பெண்ணுக்கும் முதுகு வலிக்கும். வாரத்தில் ஓர் இரவு மகன் விழித்திருக்கட்டும். நாத்தனார் ஒரு கிழமை வந்து நிற்கட்டும். வெளிநாட்டில் இருப்பவர் பணத்தோடு லீவிலும் ஒரு பங்கு தரட்டும்.

அடுத்த சங்கக் கூட்டத்துக்கு முன் உங்கள் வீதியில் தனித்திருக்கும் மூன்று முதியவர்களின் பெயரையும் கிளினிக் நாளையும் ஒரு தாளில் எழுதி, வீட்டு ஆண்களிடம் கொடுத்தனுப்புங்கள். சந்தூக்கைச் சுமக்க நாற்பது தோள்கள் வரும் ஊரில், உயிரோடிருப்பவரை பஸ் ஏற்றிவிட ஒரு கை கிடைக்காமலா போகும்?