35 ஆட்டங்களும் ஓர் ஒலிவாங்கியும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் வாசியுங்கள். உடன்பாடு இல்லாவிட்டால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

அவுஸ்திரேலியாவில் டோனி ஆம்ஸ்ட்ரோங் என்று ஒருவர் இருக்கிறார். மீசை, பூப்போட்ட சேட், எந்நேரமும் சிரிப்பு. அங்கிருக்கும் நம் உறவுகளிடம் கேட்டால் தெரியும், ஏ.பி.சி. தொலைக்காட்சியின் காலைச் செய்தியில் விளையாட்டுப் பகுதியைச் சொல்லிக்கொண்டிருந்தவர். அதற்கு முன்னர் அவர் தொழில்முறை ஆட்டக்காரர். நாங்கள் விளையாடும் உதைபந்தாட்டம் அல்ல, அவர்களுடைய ‘புட்டி’. முட்டை வடிவப் பந்து, முட்டை வடிவ மைதானம், பக்கத்துக்கு 18 பேர். பந்தை உதைக்கலாம், பிடிக்கலாம், கையில் வைத்துக் குத்தி அனுப்பலாம். நாலு கம்பங்களில் நடு இரண்டுக்கும் இடையால் உதைத்தால் 6 புள்ளி, பக்கத்தால் போனால் 1. நாம் கிரிக்கெட்டில் பார்க்கிற மெல்பேர்ன் எம்.சி.ஜி. மைதானம் குளிர்காலத்தில் இந்த ஆட்டத்துக்குத்தான்.

“புட்டியைப் பற்றி எழுதுவதென்றால் பஷார் ஹூலியைப் பற்றி எழுதுங்க சேர்” என்று சிலர் சொல்வீர்கள். நியாயம்தான். தொழுகை, நோன்பு எதையும் ஒளிக்காமல் விளையாடி, ரிச்மண்ட் கழகத்தோடு 2017, 2019, 2020 என்று மூன்று தடவை சம்பியன் ஆனவர். அவரைப் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று. வென்றவரைப் பற்றி எழுதுவது இலகு. ஆம்ஸ்ட்ரோங் மைதானத்தில் பெரிதாக எதையும் வெல்லவில்லை. அதனால்தான் அவரை எடுத்தேன்.

கணக்கைப் பாருங்கள். அங்கே கழகங்கள் இளம் ஆட்டக்காரர்களை வரிசையாக அழைத்து எடுத்துக்கொள்ளும் முறை ஒன்று உண்டு. 2007இல் அடிலெய்ட் கழகம் அவரை 58ஆவது ஆளாக எடுத்தது. முதல் ஆட்டம் கிடைத்தது 2010இல். அடிலெய்டுக்கு 15 ஆட்டம், பிறகு சிட்னிக்கு 15, பிறகு கொலிங்வூட்டுக்கு 5. மொத்தம் 35. சிட்னியில் அவரோடு ஒரே அணியில் இருந்த அடம் கூட்ஸ் ஆடியது 372 ஆட்டங்கள். 2012இல் சிட்னி சம்பியன் ஆனபோது ஆம்ஸ்ட்ரோங் அந்தக் கழகத்தில்தான் இருந்தார், இறுதி ஆட்டத்தில் இறங்கிய அணியில் இல்லை. 2015 முடிவில் கொலிங்வூட்டும் விட்டுவிட்டது. அப்போது வயது 26.

நம் ஊரில் 26 வயதில் ஒரு பிள்ளை இப்படி வந்து நின்றால் என்ன சொல்வோம்? “அப்பவே படிச்சிருந்தா இப்ப ஒரு உத்தியோகமாவது இருந்திருக்கும்.” இதைச் சொல்லாத வாப்பா இருந்தால் கை தூக்குங்கள்.

இதற்குப் பிறகு நடந்ததை அங்குள்ள பத்திரிகைகள் அதிர்ஷ்டக் கதை போல எழுதுகின்றன. ஆட்டத்தில் சரிவரவில்லை, அழகாகச் சிரித்தார், தொலைக்காட்சியில் நட்சத்திரமாகிவிட்டார் என்று. எனக்கு அந்தக் கதையில் நம்பிக்கையில்லை. இடையில் ஒரு படிக்கட்டு இருந்தது. அதைத்தான் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

ஆம்ஸ்ட்ரோங் அந்நாட்டுப் பூர்வகுடியைச் சேர்ந்தவர், கமிலரோய் இனம். தாய் தனியாக வளர்த்த பிள்ளை. அவர் நேர்முக வர்ணனை செய்யப் பழகியது பெரிய நிலையங்களில் அல்ல, தேசிய பூர்வகுடி வானொலிச் சேவையில். நாட்டின் மூலைமுடுக்குகளில் இருக்கும் பூர்வகுடிகளின் சிறிய சமூக வானொலிகளுக்கு நிகழ்ச்சி அனுப்புகிற சேவை அது. பிறகு பூர்வகுடித் தொலைக்காட்சியான என்.ஐ.டி.வி.யில் ‘மார்ங்ரூக்’ என்ற புட்டி நிகழ்ச்சி. மார்ங்ரூக் என்பது வெள்ளையர் வருவதற்கு முன்பே அந்த மக்கள் ஆடிய பந்து விளையாட்டின் பெயர். பொஸம் என்ற விலங்கின் தோலால் செய்த பந்து. இன்றைய புட்டி அதிலிருந்து பிறந்ததா இல்லையா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். எப்படியோ, தங்கள் நிகழ்ச்சிக்கு அந்தப் பெயரைச் சூட்டினார்கள்.

அதே காலத்தில் பெரிய தனியார் தொலைக்காட்சியில் ‘த புட்டி ஷோ’ ஓடியது. 1994இல் தொடங்கியது, நாடே பார்த்தது. அதன் முக்கிய முகம் சாம் நியூமன். அவரும் ஆட்டக்காரராக இருந்து ஒளிபரப்புக்கு வந்தவர்தான். ஜீலோங் கழகத்துக்கு 300 ஆட்டங்கள். 35 ஆடியவருக்குப் பக்கத்தில் வைத்தால் மலை. 1999இல் நிக்கி வின்மர் என்ற பூர்வகுடி ஆட்டக்காரர் நிகழ்ச்சிக்கு வரவில்லை என்று, அந்த நியூமன் முகத்தில் கறுப்பு மை பூசிக்கொண்டு அவரைப் போல நடித்துக் காட்டினார். நேரடி ஒளிபரப்பில்.

யார் இந்த வின்மர்? 1993இல் கொலிங்வூட்டின் மைதானத்தில், நாள் முழுக்கத் தன்னை நிறம் சொல்லி ஏசிய கூட்டத்தைப் பார்த்து, சட்டையைத் தூக்கித் தன் தோலை விரலால் சுட்டிக் காட்டியவர். அந்தப் புகைப்படம் இன்று அவுஸ்திரேலிய வரலாற்றின் ஒரு பகுதி. ஆறு வருடம் கழித்து அதே மனிதரை வைத்துத்தான் அந்தக் கேலி. 300 ஆட்டம் ஆடிய அனுபவம் ஒருவருக்கு ஒலிவாங்கியை வாங்கிக் கொடுக்கும். அதில் என்ன பேசுவது என்று சொல்லிக் கொடுக்காது.

2013 இன்னும் கசப்பானது. மே மாதம், பூர்வகுடியினரைக் கௌரவிப்பதற்கென்றே ஒதுக்கிய வார ஆட்டத்தில், பார்வையாளர் பக்கத்திலிருந்து 13 வயதுச் சிறுமி ஒருத்தி அடம் கூட்ஸைக் குரங்கு என்று கத்தினாள். கூட்ஸ் அவளைச் சுட்டிக் காட்டினார், ஆனால் அடுத்த நாளே ‘பிள்ளையைக் குற்றம் சொல்லாதீர்கள்’ என்று கேட்டுக்கொண்டார். சில நாட்களில் எடி மெக்குவயர் காலை வானொலியில் கூட்ஸின் பெயரைக் கிங் கொங்கோடு சேர்த்துப் பேசினார். மெக்குவயர் ஒலிபரப்பாளர் மட்டுமல்ல, கொலிங்வூட் கழகத்தின் தலைவரும் அவர்தான். பிறகு மன்னிப்புக் கேட்டார். அதன்பின் இரண்டு வருடம் மைதானம் மைதானமாகக் கூட்ஸைப் பார்த்து ஊளையிட்டார்கள். 2015இல் அவர் ஆட்டத்தையே விட்டுப் போனார்.

எம்.சி.ஜி. ஊளை நமக்குப் புதிதல்ல. 1995 டிசம்பர் 26, முரளிதரனுக்கு நடுவர் ‘நோ போல்’ சொன்ன அதே மைதானம். பிறகு அந்த நாட்டில் அவர் போன இடமெல்லாம் கூட்டம் ‘நோ போல்’ என்று கத்தியதை நம்மில் பலர் டீவியில் பார்த்துக் கொதித்தோம்.

ஆம்ஸ்ட்ரோங் அந்த 2013இல் கூட்ஸின் சக ஆட்டக்காரர். அடுத்த வருடம் அவர் போய்ச் சேர்ந்த கழகம், மெக்குவயர் தலைவராக இருந்த கொலிங்வூட். தொழில்முறை ஆட்டக்காரனுக்குக் கழகம் தெரிவுசெய்கிற சுதந்திரம் எவ்வளவு இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 2021இல் அந்தக் கழகமே எடுத்த ஆய்வறிக்கை, தங்கள் அமைப்புக்குள் இனவாதம் ஊறிப் போயிருக்கிறது என்று சொன்னது. மெக்குவயர் பதவி விலகினார்.

அதே 2021இல்தான் ஆம்ஸ்ட்ரோங் தனியார் வானொலி ஒன்றில் புட்டி ஆட்டத்தைப் பந்துக்குப் பந்து வர்ணித்த முதல் பூர்வகுடி மனிதர் ஆனார். முதல் ஆள், 2021இல்! பத்துக்கு ஒருவர் என்ற அளவில் பூர்வகுடி ஆட்டக்காரர்கள் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு விளையாட்டில். ஓடுவதற்கு அவர்கள் வேண்டும், அந்த ஓட்டத்தை விவரிக்கும் வாய் மட்டும் வேறு யாருடையதாகவோ இருந்தது. அந்த வருடமே ஏ.பி.சி. காலைச் செய்தி. 2022இல் மக்கள் வாக்களிக்கும் லோகி விருதில் மிகவும் விரும்பப்பட்ட புதுமுகத்துக்கான பரிசு.

“பூர்வகுடி என்பதால் கொடுத்திருப்பார்கள்” என்று அங்கேயும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு ஓர் இடம் கிடைத்தாலும் இதே பேச்சுத்தானே வருகிறது. ஒரு நாள் அதிகாலையில் எழும்பி, எழுதி வைக்காத வசனங்களைத் தடுக்காமல், நேரடியாக, கோடி வீட்டுச் சாப்பாட்டு மேசைகளுக்குப் பேசிப் பாருங்கள். பிறகு சொல்லுங்கள்.

நான் சொல்ல வந்த விடயம் இனித்தான். ஆம்ஸ்ட்ரோங் காலையில் பேசியது இனவாதத்தைப் பற்றி அல்ல. நேற்றைய ஆட்ட முடிவு, டெனிஸ், நீச்சல், பகிடி. நாய்களைப் பற்றி ஒரு தொடர் செய்தார், நாய்களைப் பற்றி மட்டும். மக்கள் அவரோடு தேநீர் குடித்துப் பழகினார்கள். 2024இல் விளையாட்டில் உள்ள இனவாதத்தைப் பற்றி ‘எண்ட் கேம்’ என்ற தொடரோடு வந்தபோது, பேசுவது யாரோ ஒரு முறைப்பாட்டுக்காரன் அல்ல, தினமும் வீட்டுக்கு வந்த ஆள்.

நமக்கு இது தெரியாததா? பி. எச். அப்துல் ஹமீதை நினைத்துப் பாருங்கள். இலங்கை வானொலியில் அவர் குரல் கேட்டால் இங்கேயும் கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டிலும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்ட சனம் எத்தனை! பாட்டுக்குப் பாட்டில் அவர் முஸ்லிம்களின் பிரதிநிதியாக நிற்கவில்லை. தமிழைப் பிழையில்லாமல் பேசுகிற மனிதராக நின்றார். அதைவிடப் பெரிய பிரதிநிதித்துவம் எது?

2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த மாதங்களை மறந்திருக்க மாட்டீர்கள். ஒவ்வொரு இரவும் தொலைக்காட்சியில் நம்மைப் பற்றிப் பேசினார்கள். நம் உடை, நம் கடை, நம் பள்ளிவாசல், நம் மதரஸா. 2020இல் நம் மையித்துகளை எரித்தபோதும் அப்படித்தான். பேசியவர்களில் நம்மவர் எத்தனை பேர்? அழைக்கப்பட்ட ஒன்றிரண்டு பேரும் விளக்கம் சொல்லவும் மறுப்புச் சொல்லவும் மட்டும் அழைக்கப்பட்டார்கள். பிரச்சினை வந்த பிறகு ஓடிப்போய் ஒலிவாங்கியைக் கேட்டால் குற்றவாளிக் கூண்டில் நிற்பவனுக்குக் கிடைக்கிற ஒலிவாங்கிதான் கிடைக்கும். வானிலை சொல்ல, கிரிக்கெட் சொல்ல, சமையல் சொல்ல ஆட்கள் முன்னரே அங்கே இருந்திருக்க வேண்டும். சிங்களத்திலும், ஆங்கிலத்திலும், தமிழிலும்.

இதை மந்திரம் என்று நான் சொல்லவில்லை. 2023 ஒக்டோபரில் பூர்வகுடி மக்களுக்குப் பாராளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் ஓர் அமைப்பு வேண்டுமா என்று சர்வஜன வாக்கெடுப்பு நடந்தது. நூற்றுக்கு 60 பேர் வேண்டாம் என்றார்கள். அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், ஏ.பி.சி.யின் மூத்த ஊடகவியலாளரும் பூர்வகுடியினருமான ஸ்டேன் கிராண்ட், மன்னர் சார்ள்ஸின் முடிசூட்டு விழா நேரம் குடியேற்ற வரலாற்றைப் பேசியதற்காக வாங்கிய வசவு தாங்காமல் நிகழ்ச்சியை விட்டு ஒதுங்கினார். நிறுவனம் தனக்காகப் பேசவில்லை என்றும் சொன்னார். எல்லோருக்கும் பிடித்த ஆம்ஸ்ட்ரோங்குக்கும் இனவாத மின்னஞ்சல் வந்தது, அவரே அதைப் பகிரங்கப்படுத்தினார். நாயைப் பற்றிப் பேசும்வரை செல்லப்பிள்ளை, வரலாற்றைத் தொட்டால் வேறு கதை. 2024 ஒக்டோபரில் காலைச் செய்தியை விட்டு விலகினார்.

இருந்தாலும் அந்தப் படிக்கட்டுக்குத் திரும்பி வருகிறேன். சிறிய பூர்வகுடி வானொலி இல்லாவிட்டால் ஆம்ஸ்ட்ரோங் எங்கே பழகியிருப்பார்? பிழை விடவும், தடுமாறவும், மறுபடி பேசவும் தன் சனத்துக்கு நடுவில் ஓர் இடம் இருந்தது. நமக்கு இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவை இருக்கிறது. எத்தனை பேர் வீட்டில் அது கேட்கிறது? ரமழானில் நோன்பு திறக்கிற நேரம் பார்க்க மட்டும்தானே பலர் திருப்புகிறோம்? அதில் பேசப் போகிற பிள்ளையை “பெரிய இடம் கிடைக்கல்லையா?” என்று கேட்பவர்களும் நாம்தான். ‘மார்ங்ரூக்’ நிகழ்ச்சியை 2019இல் நிறுத்தினார்கள், அதே வருடம் ‘புட்டி ஷோ’வும் நின்றது. பெரியது விட்டுப் போனது பழைய பகிடிகளை. சின்னது விட்டுப் போனது ஆட்களை.

என் வகுப்பில் உதைபந்தாட்ட இடைவேளையில் பிளாஸ்டிக் போத்தலை வாயருகே பிடித்துக்கொண்டு முழு ஆட்டத்தையும் வர்ணிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அதில் ஒருவன் சாதாரண தரக் கணிதத்தில் தட்டுத் தடுமாறுகிறான், ஆனால் அவன் வர்ணனையைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டே பந்து எங்கே நிற்கிறதென்று சொல்லலாம். அவனுக்குக் கணிதமும் வேண்டும், நான் விடமாட்டேன். போத்தலையும் பறிக்கமாட்டேன். பெண் பிள்ளைகளிலும் அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களின் உம்மாமாரோடு தனியாகப் பேச வேண்டியிருக்கிறது, அதை இங்கே எழுதப் போவதில்லை.

இம்முறை இல்ல விளையாட்டுப் போட்டியில் அறிவிப்பு மேசையில் ஆசிரியர்கள் இருக்கமாட்டோம். தரம் 9 முதல் 11 வரை உள்ள பிள்ளைகள்தான். மூன்று மொழியிலும் பேசுவார்கள், பிழையும் விடுவார்கள், ஒலிபெருக்கி ஊருக்கே கேட்கும். அடுத்த வாரம் பின்னேரங்களில் பயிற்சி இருக்கிறது. அந்த மூன்று நாட்களுக்கு மட்டும் பிள்ளைகளை டியூசனிலிருந்து விடச் சொல்லிப் பெற்றோரிடம் கேட்டுக்கொள்கிறேன். வானொலியில் வேலை செய்த அனுபவமுள்ளவர்கள் யாராவது ஊரில் இருந்தால், ஒரு மணித்தியாலம் வந்து சொல்லிக் கொடுக்க முடியுமானால், இன்பொக்ஸில் வாருங்கள்.