இடுப்பில் துப்பாக்கி: வியாபாரிக்குக் காவலா, கவலையா?

சென்ற கூட்டத்தில் இரவு நேர வழிப்பறி பற்றிப் பேச்சு வந்தபோது, ராஜபாளையத்து மளிகை மொத்த வியாபாரி ஒருவர் எழுந்து, "அண்ணாச்சி, ஸ்ரீவில்லிபுத்தூர் லைனில் வசூலை முடித்துக்கொண்டு ராத்திரி ஒன்பதரை மணிக்குத் தனியாக வருகிறேன். கடையில் லைசென்ஸ் ரிவால்வர் ஒன்று இருக்கிறது. அது கனம். சட்டைக்குள் மறைத்து வைக்கிற மாதிரி சின்னதாக இன்னொன்று வாங்கலாம் என்று பார்க்கிறேன். எதை வாங்கலாம்? சங்கம் சிபாரிசு செய்யுமா?" என்று கேட்டார். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். ஆனால் கூட்டம் கலைந்த பிறகு நான்கு பேர் தனித்தனியே நம்மிடம் வந்து இதே கேள்வியைக் கேட்டார்கள். எனவே இது சிரித்து ஒதுக்கும் விஷயமல்ல. பயம் உண்மையானது. அந்தப் பயத்திற்கு இது மருந்தா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. முன்பு ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்றிருந்தது. 2019-இல் வந்த திருத்தம் அதை இரண்டாகக் குறைத்துவிட்டது. லைசென்ஸ் காலத்தை மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக உயர்த்தியதும் அதே திருத்தம்தான். ஆகவே நம் நண்பர் கேட்ட இரண்டாவது துப்பாக்கிக்குச் சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. ஆனால் "வியாபாரி, பணம் எடுத்துப் போகிறேன்" என்று மனு எழுதிக் கொடுத்தால் மட்டும் கிடைத்துவிடாது. கலெக்டர் அலுவலகத்தில் மனு, போலீஸ் அறிக்கை, பயிற்சிச் சான்று என்று படிகள் பல. உயிருக்கு என்ன ஆபத்து என்பதைக் காட்ட வேண்டும். ஒன்று ஏற்கெனவே இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று கேட்டால் பதில் சொல்லவும் வேண்டும்.

மறைத்து எடுத்துப் போவது பற்றியும் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. வெளியில் தெரியாமல் கொண்டுபோவதே குற்றம் என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மையில் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கியை அதற்குரிய உறையில் அல்லது பையில், முழுவதும் மூடிய நிலையில்தான் கொண்டுபோக வேண்டும். அது எப்போதும் நம் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். பஸ் நிலையத்தில் நாலு பேர் பார்க்க எடுத்துக் காட்டுவதுதான் தப்பு. கல்யாண வீட்டில் உற்சாகத்தில் பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி சுட்டால் இரண்டாண்டு வரை சிறை என்று 2019 திருத்தம் சேர்த்திருக்கிறது.

அடுத்தது, எதை வாங்குவது? 9 மி.மீ. போன்றவை தடை செய்யப்பட்ட ரகம். சாதாரண மனிதருக்குக் கிடைப்பது பெரும்பாலும் .32 போர், .22 போர் ரகங்கள்தான். 2014-இல் கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற .32 போர் ரிவால்வரை வெளியிட்டது. எடை அரைக் கிலோ. பெண்களின் கைப்பையில் அடங்கும் என்று சொல்லி விற்றார்கள். விலை அப்போதே ஏறத்தாழ ஒன்றேகால் லட்சம். 'நிடர்' என்ற .22 போர் ரிவால்வர் கால் கிலோதான். 2023-இல் 'பிரபல்' என்ற .32 போர் ரிவால்வர் வந்தது. எடை சுமார் 700 கிராம். 50 மீட்டர் வரை சுடலாம் என்கிறார்கள். ஆனால் பணப்பையைப் பறிக்கிறவன் 50 மீட்டர் தூரத்தில் நிற்பதில்லை, கை எட்டும் தூரத்தில் நிற்கிறான்.

சின்னதாக இருந்தால் நல்லது என்ற எண்ணத்திலும் ஒரு கோளாறு உண்டு. துப்பாக்கி சிறுத்தால் குழல் குட்டையாகும், குறி தவறும். எடை குறைந்தால் சுடும்போது கை அதிகமாக உதறும். பிடி சிறியதாக இருந்தால் நம்மைப் போல மூட்டை தூக்கித் தடித்த விரல்களுக்கு வசப்படாது. தோட்டா சிறியதானால் பலமும் குறைவு. சின்னத் துப்பாக்கி மறைப்பதற்கு எளிது, சுடுவதற்குக் கடினம். அதற்குத்தான் பயிற்சி அதிகம் வேண்டும். நம்மில் எத்தனை பேருக்கு மாதம் ஒரு நாள் சுடு பயிற்சிக்குப் போக நேரம் இருக்கிறது? ஸ்டாக் எடுக்கவே நேரம் இல்லை!

நம் உடையையும் வேலையையும் பாருங்கள். வேட்டி இடுப்பில் அரைக் கிலோ இரும்பு நிற்குமா? மூட்டையை நகர்த்தக் குனிகிறோம், பரணில் ஏறி எண்ணெய் டின் இறக்குகிறோம், நாளெல்லாம் வியர்வையில் நனைகிறோம். வியர்வை பட்டால் துருப்பிடிக்கும். இடைஞ்சலாக இருக்கிறதென்று எடுத்துக் கல்லாவில் போடுவோம். கல்லாவைத் திறப்பது நாம் மட்டுமா? கணக்குப்பிள்ளை திறப்பார், கடைப் பையன் திறப்பான், பள்ளி விட்டு வரும் பேரப்பிள்ளை சில்லறைக்காகத் திறப்பான். லைசென்ஸ் நம் பெயரில். இன்னொருவர் கை பட்டு ஏதாவது நடந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நாம். தொலைந்தாலோ திருடு போனாலோ உடனே போலீசில் தெரிவித்தாக வேண்டும். பணப்பை போனால் பணத்தோடு போயிற்று. துப்பாக்கி போனால் அது நாளை யார் நெஞ்சில் நிற்குமோ என்ற கவலை நம்மோடு தங்கிவிடும். தேர்தல் வந்தாலோ பொதுவாக போலீஸ் நிலையத்திலோ ஆயுதக் கடையிலோ ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வருகிறது. ரிவால்வரை நம்பிப் பழகியவர் அந்த வாரங்களில் என்ன செய்வார்?

சுட்ட பிறகு என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். தற்காப்பு உரிமை நம் சட்டத்தில் உண்டு. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. கொள்ளையடிக்க வருபவனைத் தடுக்க, வேறு வழியில்லாத நிலையில், உயிர் போகும் அளவு வரைகூட அந்த உரிமை போகலாம். ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. பறித்துக்கொண்டு ஓடுகிறவனை, ஆபத்து நீங்கிய பிறகு முதுகில் சுட்டால் அது தற்காப்பு என்று வாதாடுவது கடினம். தற்காப்புக்காகத்தான் சுட்டேன் என்று காட்டும் பொறுப்பும் நம் தலையில்தான். ஐம்பதாயிரம் ரூபாய் வசூலுக்காகப் பல வருடம் கோர்ட் வாசலில் நிற்க வேண்டி வரும். கடையை யார் பார்ப்பது?

இங்கே நமக்கே நேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி இரவு. ஸ்ரீவில்லிபுத்தூரில் வசூலை முடித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தோம். மடவார் வளாகம் தாண்டியதும் ஒரு வண்டி பின்னாலேயே வந்தது. நாம் வேகம் கூட்டினால் அதுவும் கூட்டியது, குறைத்தால் குறைத்தது. விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார்கள். பின்னால் உட்கார்ந்திருந்தவன் கையை நீட்டி ஏதோ கத்தினான். பை நிறையப் பணம். வாய் உலர்ந்துவிட்டது. எதிரே லாரி வெளிச்சம் வந்த இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டோம். அவர்களும் நிறுத்தினார்கள். பார்த்தால், நாம் கடைசியாக வசூல் செய்த கடைக்காரரின் மகன்! "அண்ணாச்சி, சிட்டையை மேசையிலேயே வச்சுட்டு வந்துட்டீங்க. எவ்வளவு கூப்பிட்டும் திரும்பலையே!" என்று கணக்குச் சிட்டையை நீட்டினான்.

அன்று நம் இடுப்பில் துப்பாக்கி இல்லை. இருந்திருந்தால், அந்த இருட்டில், அந்தப் பயத்தில், பின்னால் வந்து நின்ற பிள்ளையைப் பார்த்துக் கை எங்கே போயிருக்கும்? இதை நினைத்துப் பல இரவு தூங்காமல் கிடந்திருக்கிறோம். அந்தப் பையன் இன்று கல்யாணமாகித் தகப்பனார் கடையில் உட்கார்ந்திருக்கிறான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் இந்த நினைவு வருகிறது.

துப்பாக்கி அருகில் இருந்தால் ஒரு நொடிக் கோபமும் ஒரு நொடிப் பயமும் திரும்பப் பெற முடியாதவை ஆகிவிடுகின்றன. 1967 ஜனவரி 12-ஆம் தேதி சென்னை ராமாவரம் தோட்டத்தில் நடந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பல படங்களில் சேர்ந்து நடித்த இருவர் பேசிக்கொண்டிருந்த அறையில் ரிவால்வர் வெடித்தது. எம்.ஜி.ஆருக்குக் கழுத்தில் குண்டு பாய்ந்தது; எம்.ஆர். ராதாவும் காயம்பட்டார். இருவரும் பிழைத்தது தெய்வச் செயல். ஒருவர் குரல் மாறியது. மற்றவர் சிறைக்குப் போனார்.

அப்படியானால் வியாபாரி கையைக் கட்டிக்கொண்டு பறிகொடுக்க வேண்டுமா? இல்லை. நம் முன்னோர் வழி வேறாக இருந்தது. பழைய காலத்து ஐந்நூற்றுவர் வணிகக் குழு தன் சரக்குக்குக் காவலாகக் கூட்டாகவே வீரர்களை வைத்திருந்தது. பின்னாளில் பாளையக்காரர் ஆட்சியில் நம் பக்கத்து ஊர்களில் காவல் முறை இருந்தது. ஊரார் காவல் கூலி கொடுத்தார்கள். களவு போனால் பொருளைக் கண்டுபிடித்துத் தர வேண்டும் அல்லது ஈடு கட்ட வேண்டும் என்பது காவல்காரர் பொறுப்பு. 1801-இல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட பிறகு கும்பினி அரசு மக்களின் ஆயுதங்களைப் பறித்தது. அந்தப் பழைய ஏற்பாடும் மெல்ல மறைந்தது. ஆனால் அதன் சாரம் இரண்டு: காவல் கூட்டாக இருக்க வேண்டும், போனதற்கு ஈடு இருக்க வேண்டும். இன்றைக்கும் அதுதான் சரி.

எனவே நம் உறுப்பினர்களுக்கு நாம் சொல்வது இதுதான்:

1. பையின் கனத்தைக் குறையுங்கள். கையில் ரொக்கம் இல்லாவிட்டால் பறிக்கவும் ஒன்றும் இல்லை. லைனில் உள்ள கடைக்காரர்களை செல்போன் வழியாகவோ வங்கி வழியாகவோ செலுத்தப் பழக்குங்கள். ஒருவரிடம் ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது 2017 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டத்திலும் இருக்கிறது.

2. தனியாக வராதீர்கள். ஒரே லைனில் வசூலுக்குப் போகிற இரண்டு மூன்று பேர் பேசி வைத்துச் சேர்ந்து திரும்பலாம். போட்டி சரக்கில் இருக்கட்டும், ரோட்டில் வேண்டாம்.

3. தினமும் ஒரே நேரம், ஒரே வழி, ஒரே பை என்று இருக்காதீர்கள். முடிந்தவரை பகலிலேயே வசூலை முடித்து வங்கியில் கட்டுங்கள். எவ்வளவு வசூல் என்று டீக்கடையில் பேசாதீர்கள்.

4. கடைக்காரர்களுக்கான இன்சூரன்ஸ் பாலிசியில், வழியில் பணம் பறிபோனால் ஈடு கிடைக்கும் பிரிவைச் சேர்த்துக்கொள்ளலாம். புதுத் துப்பாக்கி விலைக்கு யோசிக்காதவர்கள் இந்தப் பிரீமியத்துக்கு ஏன் யோசிக்க வேண்டும்? நிபந்தனைகளை மட்டும் கையெழுத்துக்கு முன் படித்துவிடுங்கள்.

5. கடை வாசலிலும் சந்து முனையிலும் காமிரா வையுங்கள். சந்தேகம் வந்தால் 100 அல்லது 112-க்கு உடனே சொல்லுங்கள். பறிக்க வந்தவன் கையில் கத்தி இருந்தால் பையைக் கொடுத்துவிடுங்கள். பணத்தை மீண்டும் சம்பாதிக்கலாம்.

6. யாராவது "லைசென்ஸ் எல்லாம் வேண்டாம், மலிவாக ஒன்று இருக்கிறது" என்று வந்தால் அந்தப் பக்கமே திரும்பாதீர்கள். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்கு இரண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறை.

மலையடிவாரத்தில் தோப்பு வைத்து, அக்கம்பக்கம் ஆளில்லாமல் இருப்பவர்கள், உண்மையிலேயே உயிருக்கு மிரட்டல் உள்ளவர்கள் ஆகியோரின் நிலைமை வேறு. அவர்கள் முறைப்படி மனுச் செய்வதில் தவறில்லை. அவர்களுக்கும் நம் யோசனை: ஒன்று போதும். மிகச் சிறியதைத் தேடாமல் கைக்கு அடங்கும் .32 போர் ரிவால்வராகப் பார்க்கலாம். பிஸ்டலைவிட அதன் இயக்கம் எளிது, சிக்கிக்கொள்வதும் குறைவு. முறையாகப் பயிற்சி எடுங்கள். வீட்டில் துப்பாக்கி ஒரு பூட்டிலும் தோட்டா வேறு பூட்டிலும் இருக்கட்டும். கல்லாவில் ஒருபோதும் வைக்காதீர்கள்.

கேள்வி கேட்ட நண்பருக்கு நம் பதில்: இரண்டாவது துப்பாக்கிக்குச் சங்கம் சிபாரிசுக் கடிதம் தராது. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் லைனில் அதே நாளில் வசூலுக்குப் போகும் மூன்று உறுப்பினர்களிடம் பேசியிருக்கிறோம். வரும் திங்கட்கிழமை முதல் நால்வரும் ஒன்றாகத் திரும்பச் சம்மதித்துவிட்டார்கள். மற்ற லைன்களில் உள்ளவர்களும் தங்கள் பெயரையும் வசூல் நாளையும் சங்க அலுவலகத்தில் கொடுத்தால் அவ்வாறே ஏற்பாடு செய்து தருகிறோம். காவலுக்குப் பெயர் பெற்ற நாய் பிறந்த ஊர் நம் ராஜபாளையம். 2005-இல் அதற்குத் தபால் தலையே வெளியிட்டார்கள். அந்த ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் காவலாக இருக்கக் கற்றுக்கொள்வது கடினமல்ல என்று நாம் நம்புகிறோம்.