கவிஞரின் குடித்தனம்

ராபர்ட் ஃப்ராஸ்டின் கவிதையைப் படிக்கும் நாம், அவர் குடும்பத்தை ஏறிட்டும் பார்ப்பதில்லை. 1912-இல் தம் 38-ஆம் வயதில் ஆசிரியர் வேலையை உதறிவிட்டு, மனைவி எலினோரோடும் நான்கு பிள்ளைகளோடும் அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அதுவரை எந்தப் பதிப்பாளரும் அவர் நூலை வெளியிட்டதில்லை!

இதைக் கவிஞரின் துணிச்சல் என்கிறார்கள். துணிந்தவர் அவர் ஒருவர்தாமா? லண்டனை அடுத்த பீக்கன்ஸ்ஃபீல்டில் ஒரு சிறு வீடு. 1914-இல் டைமக் சிற்றூரருகே மற்றொன்று. அவர் எட்வர்ட் தாமஸோடு வயல்வெளிகளில் கவிதை பேசி நடந்தார். சரி, அந்நிய மண்ணில் ஆறு பேருக்கு அடுப்பு மூட்டியது யார்? 1913-இலும் 1914-இலும் இரு தொகுதிகள் லண்டனில் அச்சேறின. எலினோரின் உழைப்புக்கு நம் வகுப்பில் ஒரு வரிக் குறிப்பும் கிடைக்கவில்லை. பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. நம் மலரைப்போல் வீட்டிலேயே ஒரு பத்திரிகை நடத்தினார்கள். எனக்கு அதைத்தான் படிக்க ஆசை.

போர் மூண்டது. 1915 பிப்ரவரியில் அவர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறியபோது தாமஸின் மகனையும் உடன் அழைத்துச் சென்றார்கள். எலினோருக்கு இன்னொரு பிள்ளை! தாமஸ் 1917-இல் அராஸ் போர்க்களத்தில் மடிந்தார்.