கேம்பஸ் கேரேஜ்: மோட்டார் கடைசி... முதல்ல ஆம்பியர்!

1898-ம் வருஷம், நியூயார்க் நகரத்து மேடிசன் ஸ்கொயர் கார்டன். ஒரு தண்ணீர்த் தொட்டியில் குட்டிப் படகு ஒன்று மிதக்கிறது. எட்ட நின்று கையிலிருக்கும் பெட்டியை ஒருத்தர் இயக்க, கம்பி எதுவும் இல்லாமலே படகு திரும்புகிறது. அவர் நிகோலா டெஸ்லா. படகுக்குள்ளே பேட்டரியும் மோட்டாரும். இன்னிக்கு நம்ம டெக் ஃபெஸ்ட்களில் ஓடுற ஆர்.சி. படகுக்கெல்லாம் அதுதான் கொள்ளுத்தாத்தா!

டெஸ்லாவுக்கு அன்னிக்குப் படகு சொன்னபடி திரும்பினால் போதும். நமக்கு ஜெயிக்கணுமே! அங்கேதான் சிக்கல். போன வாரம் படகின் உடலை எப்படிச் செய்றதுன்னு பார்த்தோம். இந்த வாரம் அதுக்கு உயிர் கொடுக்கிற மூணு பேர்: மோட்டார், ஸ்பீடு கன்ட்ரோலர், பேட்டரி. நாலு பேர் காசு போட்டு வாங்குற சாமான் இதுதான். முதல் ரவுண்டிலேயே புகைஞ்சு போறதும் இதுதான்.

பெரும்பாலான டீம் என்ன பண்ணும்? இருக்கிறதிலேயே முரட்டு மோட்டாரை முதல்ல வாங்கும். மிச்ச காசுக்கு ஒரு கன்ட்ரோலர். அதிலும் மிச்சம் இருந்தா பேட்டரி. அந்த வரிசையே தப்பு மக்களே! எத்தனை ஆம்பியர் ஓடப்போகுதுன்னு முடிவு பண்றது மோட்டார் மட்டும் இல்லை. அதன் நுனியில் சுத்துற ப்ரொப்பல்லர்.

கே.வி.ன்னா கிலோவோல்ட் இல்லை!

ட்ரிபிள் ஈ நண்பர்கள் அலற வேண்டாம். பிரஷ்லெஸ் மோட்டார் மேல 2000 கே.வி.ன்னு போட்டிருந்தா, சுமை இல்லாதப்போ ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்துக்கு 2000 சுத்து சுத்தும்னு அர்த்தம். 3660-னு போட்டிருந்தா விட்டம் 36 மி.மீ., நீளம் 60 மி.மீ.

ஒரு உதாரணத்தையே கடைசி வரைக்கும் பிடிச்சுக்குவோம். சுமார் 70 சென்டிமீட்டர் நீளமுள்ள, 'வி' வடிவ அடிப்பாகம் கொண்ட படகு. நாலு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி, அதாவது 'லைப்போ'. ஒரு செல் 3.7 வோல்ட், ஆக மொத்தம் 14.8 வோல்ட். 2000 கே.வி. மோட்டாரைப் பூட்டினா 29,600 சுத்து. இந்த அளவு படகுக்கு முப்பதாயிரத்துக்குப் பக்கத்தில் நிக்கிறதுதான் நல்ல ஆரம்பம். ஓட்டும்போது சராசரியா 50 ஆம்பியர் இழுக்குதுன்னு வெச்சுக்கலாம்.

இப்போ டீம்ல ஒருத்தன் சொல்வான், "மச்சி, ஆறு செல் போட்டா பறக்கும்டா!" பறக்கும்தான்... புகையா! 22.2 வோல்ட்ல அதே மோட்டார் 44,400 சுத்து. வேகம் ஒன்றரை மடங்குதானேன்னு தோணும். ஆனா ப்ரொப்பல்லர் கேட்கிற பவர், சுத்துற வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். 1.5-ஐ மூணு தடவை பெருக்கினா கிட்டத்தட்ட 3.4 மடங்கு பவர். வோல்ட்டேஜ் ஒன்றரை மடங்கு ஏறினதைக் கழிச்சாலும் கரன்ட் 2.25 மடங்கு. அம்பது ஆம்பியர் நூத்திப்பத்தைத் தாண்டிடும்.

ஆறு செல்லே கூடாதுன்னு சொல்லலை. செல்லைக் கூட்டினா கே.வி.யைக் குறைக்கணும். 1330 கே.வி. மோட்டாரை 22.2 வோல்ட்ல ஓட்டினா அதே 29,500 சொச்சம் சுத்து. அதே 740 வாட் வேலையை 50 ஆம்பியருக்குப் பதிலா 33 ஆம்பியர்ல முடிச்சிடலாம். வயர்ல வீணாகிற சூடு கரன்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. அது பாதிக்கும் கீழே இறங்கிடும். பெரிய ரேஸ் படகுகள் ஆறு செல், எட்டு செல்னு போற ரகசியம் இதான்.

நாலு மில்லிமீட்டர் வில்லன்

ப்ரொப்பல்லர் விஷயம் இன்னும் பயங்கரம். சுத்துற வேகம் மாறாம இருந்தா, பவர் தேவை விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறும். 40 மி.மீ. ப்ரொப்பல்லரைக் கழட்டி 44 மி.மீ. போட்டுப் பாருங்க. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கணக்குக்குத் தெரியும்: சுமார் 60 சதவிகிதம் கூடுதல் பவர்! அதனால சின்னதில் ஆரம்பிச்சு, சூட்டைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு மில்லிமீட்டரா ஏறுங்க. மோட்டாரை மாத்துறதைவிட ப்ரொப்பல்லரை மாத்துறது ரொம்பவே சீப்.

கன்ட்ரோலர்: காரோடது வேற, படகோடது வேற

ஆர்.சி. கார் வேகம் பிடிச்சதும் மோட்டாருக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும். படகுக்கு அது கிடையாது. முழு திராட்டிலில் தண்ணியைத் தள்ளிக்கிட்டே இருக்கணும். போதாததுக்கு, தண்ணி புகாம இருக்க மூடியைச் சுத்தி டேப் வேற. உள்ளே காத்தே வராது. காத்துல ஆற வேண்டிய விமானக் கன்ட்ரோலரை அதுக்குள்ள வெச்சா வெந்துடும். தண்ணீர்க் குழாய் இணைப்புள்ள படகுக் கன்ட்ரோலரே வாங்குங்க.

எத்தனை ஆம்பியர்? சராசரி 50-னா, கிளம்புறப்பவும் அலையில் ப்ரொப்பல்லர் மறுபடி கவ்வுறப்பவும் 100-ஐத் தொடும். ஆக, நம்ம உதாரணப் படகுக்கு 120 ஆம்பியர் கன்ட்ரோலர் வசதி. பெட்டி மேல பெருசா போட்டிருக்கிற நம்பர் 'தொடர்ந்து' தாங்கக்கூடியதா, சில நொடிகளுக்கு மட்டுமான்னு படிச்சுப் பாருங்க.

இன்னொரு விஷயம், பலரும் கவனிக்காதது. பேட்டரிக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவில் இருக்கிற வயரை இழுத்து நீட்டாதீங்க. அது நீளமானா வோல்ட்டேஜ் துள்ளும். கன்ட்ரோலரின் கெப்பாசிட்டர்கள் சூடாகி உயிரை விடும். இடம் பத்தலைன்னா மோட்டார் பக்கத்து வயரை நீட்டிக்கலாம்.

பேட்டரி: லேபிளைப் பாதி நம்புங்க

5000 எம்.ஏ.ஹெச். பேட்டரின்னா 5 ஆம்பியர்-மணி. 50 ஆம்பியர் இழுத்தா 6 நிமிஷத்தில் துடைச்சு எடுத்துடும். ஆனா 80 சதவிகிதத்தோட நிறுத்தணும், அதாவது 5 நிமிஷத்துக்குள்ளே. லைப்போவை அடிமட்டம் வரைக்கும் உறிஞ்சினா அது மறுபடி பழையபடி ஆகாது.

50 'சி'ன்னு லேபிள் சொன்னா 5-ஐ 50-ஆல் பெருக்கி 250 ஆம்பியர் தருமாம். விளம்பரக் கணக்கு அது. பாதியா எடுத்துக்கிட்டு, 125 நமக்குப் போதுமான்னு பாருங்க. நம்ம 100-க்குப் போதும். ரெண்டு செல் பேட்டரி ரெண்டு வாங்கி, இடம் வலமா வெச்சு சீரியஸ்ல இணைச்சா படகு சாயாது. ஆனா ரெண்டும் ஒரே அளவு, ஒரே வயசா இருக்கணும்.

அம்மீட்டர் இல்லாம ஆம்பியர்

இதோ இந்த வார டிப்ஸ். முழுசா சார்ஜ் பண்ணி, படகைச் சரியா ஒரு நிமிஷம் ஓட்டுங்க. கரைக்குக் கொண்டுவந்து மறுபடி சார்ஜ் போடுங்க. சார்ஜர் எத்தனை எம்.ஏ.ஹெச். உள்ளே தள்ளிச்சுன்னு காட்டும். 800-னா, 0.8-ஐ 60-ஆல் பெருக்குங்க. சராசரி 48 ஆம்பியர்! சூட்டையும் தொட்டுப் பாருங்க. மோட்டார், கன்ட்ரோலர், பேட்டரி, கனெக்டர் எல்லாத்தையும். சாதாரண ரக நியோடிமியம் காந்தம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினா பலத்தை இழக்க ஆரம்பிக்கும். நாலு செகண்ட் விரல் வைக்க முடியலையா? அடுத்த ரவுண்டுக்கு முன்னால ப்ரொப்பல்லரைச் சின்னதாக்குங்க. ஓடும்போது பக்கத்துத் துளையில் தண்ணி பீய்ச்சுதான்னும் ஒரு கண் வையுங்க. பீய்ச்சலைன்னா குழாய் அடைச்சிருக்கு. உடனே நிறுத்துங்க.

சீரியஸா நாலு வார்த்தை

லைப்போவை ஹாஸ்டல் கட்டில் மேல சார்ஜ் போட்டுட்டு மெஸ்ஸுக்குக் கிளம்பாதீங்க. செல்களைச் சமப்படுத்துற பேலன்ஸ் சார்ஜர்ல, 5000-க்கு 5 ஆம்பியருக்கு மேல் போகாம, ஆள் பக்கத்துல இருக்கும்போது மட்டும் போடுங்க. உப்பிப்போன பேட்டரிக்கு 'இன்னும் ஒரே ஒரு ரவுண்டு' கிடையாது. பரீட்சை வந்து ஒரு மாசம் தொடப்போறதில்லையா, செல்லுக்கு 3.8 வோல்ட்ல நிறுத்தி வையுங்க.

ரிமோட்டை முதல்ல ஆன் பண்ணுங்க, பேட்டரியைக் கடைசியா சொருகுங்க. ரேஸ் ப்ரொப்பல்லர் பிளேடு மாதிரி. முப்பதாயிரம் சுத்துல விரலுக்கு இரக்கம் காட்டாது.

எல்லாத்துக்கும் மேல ஒண்ணு. கணக்கு தப்பினா படகு நிக்கிற இடம் லேப் டேபிள் இல்லை, ஏரியோட நடு. வோல்ட்டேஜ் இறங்கினதும் கன்ட்ரோலர் கரன்ட்டை நிறுத்திடும், படகு அங்கேயே மிதக்கும். 'எடுத்துட்டு வந்துடறேன்'னு யாரும் குதிக்கக் கூடாது. ஏரியிலும் கல்குவாரிக் குட்டையிலும் ஆழம் கரையில் நிக்கிறவனுக்குத் தெரியாது. நீச்சல் தெரியும்கிறது அதுக்குப் பதில் இல்லை. தூண்டில் நரம்புல ஒரு டென்னிஸ் பந்தைக் கட்டி, படகைத் தாண்டி வீசி, மெதுவா இழுங்க. படகுக்குள்ளே ஃபோம் அடைச்சு வெச்சிருந்தா கவிழ்ந்தாலும் மூழ்காது. அந்தப் பந்தும் ஃபோமும் உங்க பட்ஜெட் ஷீட்டில் மோட்டாருக்கு முந்தின வரியில் வரட்டும்.

அடுத்த வாரம்: சுக்கான், ட்ரிம்... திருப்பத்தில் கவிழாம இருக்கிறது எப்படி? அதுவரைக்கும் கால்குலேட்டரை எடுங்க, மக்களே!