சும்மா இருக்க ஒரு பொழுது

‘மகன் என்ன செய்கிறார்?’ என்று யாரையேனும் வினவினால், ‘சும்மா இருக்கிறார்’ என்ற மறுமொழி நம்மிடையே ஒரு குற்றச்சாட்டாகவே ஒலிக்கிறது. அதே சொல்லை நமது ஞான மரபோ உபதேசமாகப் போற்றுகிறது. கொழும்புத்துறையில் வாழ்ந்த யோகர் சுவாமிகள் தம்மை நாடி வந்தோரிடம் ‘சும்மா இரு’ என்று சொல்லிவந்தவர். துறவுக்கு முன்னர் அவர் கிளிநொச்சியில், நீர்ப்பாசன வேலைத்திட்டத்தில் களஞ்சியக் காப்பாளராகப் பணியாற்றினார் என்பது பலருக்கு நினைவில்லை. பகலிற் கணக்கும் பொருட்பதிவும். இரவிற் காட்டு நடுவே தனிமை. அந்த இரவுகள் இன்றிப் பிற்காலத்து யோகரை என்னால் எண்ணிப்பார்க்க முடியவில்லை.

சமயத்தை ஒதுக்கிவிட்டுப் பார்ப்போம். பிரெஞ்சுக் கணித மேதை ஆன்றி புவன்காரே, நெடுநாள் தம்மை அலைக்கழித்த ஒரு சிக்கலுக்கான தெளிவு, பயணமொன்றின்போது வண்டியின் படியிற் கால் வைத்த கணத்தில், அதைப்பற்றி எண்ணாதிருந்த வேளையில், கிட்டியது என்று எழுதியுள்ளார். அதற்கு முன்னர் அவர் கடுமையாக உழைத்திருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். சோம்பலுக்கு நியாயம் தேடுவோர் இந்தப் பாதியை மட்டும் விழுங்கிவிடுவது வழக்கம்.

வன்னி விவசாயிக்கு இந்த உழைப்பும் ஓய்வும் பயிரோடு பிணைந்தே கிடைத்தன. காலபோக விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையில், யானையும் பன்றியும் வயலுக்குள் இறங்காதிருக்க இரவெல்லாம் பரணிற் காவலிருக்க வேண்டும். யானை வரும்வரை செய்வதற்கு ஒன்றுமில்லை. உறங்கவும் கூடாது. இருளும், குளத்துப் பக்கமிருந்து வரும் காற்றும், அயல் வயற் காவற்காரரின் குரலுமே துணை. வன்னி நாட்டார் பாடல்களிற் பன்றிப்பள்ளு, குருவிப்பள்ளு என்பன இருப்பது தற்செயல் என்று நான் கருதவில்லை. முல்லைத்தீவின் கோவலன் கூத்து போன்றவற்றைப் பழகுவதற்கும் அறுவடை முடிந்த பின்னர் கிடைத்த ஓய்வே உதவியது. ‘படைப்பாற்றல்’ என்ற சொல்லைக் கேள்விப்படாத மனிதர்கள் அவர்கள்.

ஆனால் வேலையற்ற நேரம் எல்லாம் ஓய்வாகிவிடுமா? 2009 இல் வவுனியா முகாம்களில் இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் அடைக்கப்பட்டிருந்தனர். செட்டிகுளம் மெனிக் பாம் அவற்றுட் பெரியது. உழ வயலில்லை, போகத் தொழிலில்லை. நாள் முழுதும் அவர்களுடையதே. தண்ணீருக்கு வரிசை, உணவுக்கு வரிசை, எஞ்சிய பொழுதில் காணாமற்போனவரைப் பற்றிய விசாரணை. அதை ஓய்வென்று சொல்ல யாருக்கு நாக்கு எழும்? 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலிற் போராட்டம் தொடங்கிய தாய்மாரின் பொழுதும் அத்தகையதே. அவர்கள் காத்திருந்தார்கள். காத்திருக்கும் மனம் அலையாது. ஒரே கேள்வியில் கட்டுண்டு கிடக்கும். கற்பனைக்கு அச்சமற்ற பொழுது வேண்டும். பொருளாதாரத் தடைக்காலத்து ஜாம் போத்தல் விளக்கையும், மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிளையும் காட்டிச் சிலர் என்னோடு வாதிடுவர். அவை மெச்சத்தக்கவைதான். எனினும் அவை அன்றாட நெருக்கடிக்குத் தேடிய விடைகள்.

போர் ஓய்ந்தது; பொழுது மீளவில்லை என்பதே என் மனக்குறை. பலருடைய பல நாள் வேலையை அறுவடை இயந்திரம் சில மணித்தியாலங்களில் முடித்துவிடுகிறது. மிச்சமான நேரம் எங்கே போயிற்று? கணவரை இழந்த பெண்கள் பலரின் வாரத்தை நுண்கடன் தவணை விழுங்கியது. 2018 இல் வறட்சி மாவட்டப் பெண்களின் இத்தகைய கடன்களில் ஒரு பகுதியை அரசே தள்ளுபடி செய்ய நேர்ந்ததிலிருந்து அதன் கனத்தை உணரலாம். பிள்ளைகளின் பொழுதோ ரியூசனுக்குப் போய்விட்டது. ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பத்து வயதுப் பிள்ளைக்குப் பள்ளிக்கு முன்னும் வகுப்பு, பின்னும் வகுப்பு, வார இறுதியிலும் வகுப்பு. தப்பிய நேரத்தைக் கைத்தொலைபேசி பிடித்துக்கொள்கிறது.

பெற்றோரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. வீட்டையும் மாட்டையும் காணியையும் விட்டு மீண்டும் மீண்டும் ஓடியவர்களுக்கு, ஓடும்போது கையோடு எடுத்துச்செல்லக்கூடிய சொத்து கல்வி ஒன்றே என்பது வாழ்ந்து கற்ற பாடம். அந்த அச்சத்திற்கு முன்னால் புவன்காரேயின் கதை எடுபடாது.

ஆகவே நான் கேட்பது மிகச் சிறியது. ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் மட்டுமாவது வன்னியின் தனியார் கல்வி நிலையங்கள் மூடியிருக்கட்டும். அந்த மூன்று மணித்தியாலத்தை விளையாட்டுப் பயிற்சி, ஆங்கில வகுப்பு, ஆளுமை விருத்திப் பட்டறை என்று வேறெவரும் நிரப்பிவிடாமலும் இருக்கட்டும். இரணைமடு வாய்க்காலுக்குப் போகிற பிள்ளைகள் போகட்டும். தண்ணீர் என்பதால் கூடவே ஒரு பெரியவரும் போய்க் கரையில் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும். அவருக்கும் அங்கே வேறு வேலை இராது.