பதினான்கு வாரமும் பரீட்சைக் காலம்தான்



உங்கள் பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. கோயிலில் அர்ச்சனை செய்தாயிற்று. அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேசரி கிண்டிக் கொடுத்தாயிற்று. பெட்டி, வாளி, தலையணை எல்லாம் வாங்கி, விடுதி வரையில் கொண்டுபோய் விட்டும் வந்தாயிற்று. “இனி அவன் பாடு, அவன் படிப்பின் பாடு” என்று நிம்மதியாக மூச்சு விடுகிறீர்கள்.

அந்த இடத்தில்தான் உங்களோடு கொஞ்சம் பேச விரும்புகிறேன். எஸ்.டி.பி.எம். பரீட்சையில் நல்ல புள்ளிகள் வாங்கிய பிள்ளையே, பல்கலைக்கழகத்தில் முதல் பருவத்தின் முடிவு வந்ததும் அதை வீட்டுக்குக் காட்டாமல் மறைப்பதுண்டு. கேட்டால், “பரவாயில்லம்மா” என்ற ஒரே சொல்லோடு பேச்சை முடித்துவிடுவான். இரண்டாம் பருவமும் அப்படியே போனால், ஒரு நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிடுவான். ஊருக்குக் கேசரி கொடுத்த தாயின் முகத்தை அன்று யாரால் பார்க்க முடியும்?

பிள்ளைக்கு அறிவு குறைந்துவிட்டதா? இல்லவே இல்லை. பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில் படித்த முறையிலேயே பல்கலைக்கழகத்திலும் படித்ததுதான் காரணம். பள்ளியில் ஆசிரியர் விரட்டுவார். வீட்டுப்பாடம் செய்யவில்லையென்றால் நிற்க வைப்பார். பல்கலைக்கழகத்தில் விரட்ட ஆள் கிடையாது. விரிவுரையாளர் வருவார், பேசுவார், போய்விடுவார். படித்தாயா என்று ஒருவரும் கேட்கமாட்டார். அந்தச் சுதந்திரமே பல பிள்ளைகளைக் கவிழ்த்து விடுகிறது.

இந்தப் பக்கத்தின் முதல் பாதி பிள்ளைகளுக்கு. இரண்டாம் பாதி உங்களுக்கு. முதலில் உங்கள் மகனிடமோ மகளிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கு

தம்பிகளே, தங்கைகளே! முதலில் ஒரு கணக்குப் போடுவோம். சம்பளக் கணக்கை மனத்திலேயே போடுகிற அப்பா அம்மாவுக்குப் பிறந்தவர்கள் நீங்கள். இந்தக் கணக்கு உங்களுக்குக் கடினமாக இராது.

மலேசியாவில் ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரப் படிப்பு என்று கணக்கிடப்படுகிறது. வகுப்பில் உட்காரும் நேரம், நீங்களாகப் படிக்கும் நேரம், கட்டுரை எழுதும் நேரம், பரீட்சை எழுதும் நேரம் எல்லாம் அதில் அடங்கும். மூன்று கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 120 மணி நேரம். அப்படி ஐந்து பாடங்கள் எடுத்தால் 600 மணி நேரம்.

ஒரு பருவத்தில் பொதுவாக 14 வாரங்கள் பாடம் நடக்கும். ஒரு பாடத்துக்கு வாரம் 3 மணி நேரம் வகுப்பு என்று வைத்துக்கொண்டால், ஐந்து பாடங்களுக்கு 14 வாரங்களில் 210 மணி நேரம். மீதி 390 மணி நேரம் உங்கள் கையில் இருக்கிறது. அதை 14 வாரங்களுக்குப் பங்கு போட்டால் வாரத்துக்கு ஏறக்குறைய 28 மணி, நாளுக்கு 4 மணி. முடியாத காரியமா? முடியும்.

ஆனால், “பரீட்சைக்கு முன்னால் ஒரு வாரம் விடுமுறை விடுவார்களே, அப்போது பார்த்துக்கொள்ளலாம்” என்று அத்தனையையும் தள்ளி வைத்தால்? 390 மணி நேரத்தை ஏழு நாளில் அடைக்க, நாள் ஒன்றுக்கு 55 மணி நேரத்துக்கு மேல் வேண்டும். ஆண்டவன் நமக்குக் கொடுத்திருப்பதோ 24 மணி நேரம்தான். கடைசி வாரத்தில் விழுந்து விழுந்து படித்தும் தேறாமல் போவதன் இரகசியம் இவ்வளவுதான்.

ஆகையால், பரீட்சைக் காலம் முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். முதல் வாரத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் பாடத்திட்டத் தாள் தருவார்கள். பலர் அதை மடித்து வைத்துவிடுகிறார்கள். அதில்தான் எந்த வேலைக்கு எத்தனை புள்ளி, எந்த வாரத்தில் சோதனை, எப்போது கட்டுரையை ஒப்படைக்க வேண்டும் என்றெல்லாம் இருக்கும். ஐந்து தாள்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எல்லாத் தேதிகளையும் ஒரே நாட்காட்டியில் குறித்து, படுக்கைக்கு எதிரே ஒட்டி வையுங்கள். மூன்று கட்டுரைகள் ஒரே வாரத்தில் வந்து விழுகிற ஆபத்து அப்போதே கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்து, எப்படிப் படிப்பது? புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பது, மஞ்சள் மையால் வரிகளுக்குக் கோடு போடுவது, இவைதாம் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த வழி. வாசிக்க வாசிக்கப் பழகிய பாடமாகத் தோன்றும். பழகியதைத் தெரிந்தது என்று மனம் நம்பிவிடும். பரீட்சை மண்டபத்தில் வெள்ளைத்தாளைப் பார்த்ததும்தான் உண்மை தெரியும்.

2006ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்து வெளியிட்டார்கள். சிலர் ஒரு பகுதியை இரண்டு முறை வாசித்தார்கள். மற்றவர்கள் ஒரு முறை வாசித்துவிட்டு, தாளை மூடி வைத்து, நினைவுக்கு வந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தபோது இரண்டு முறை வாசித்தவர்களுக்கே கூடுதலாக நினைவிருந்தது. ஆனால் ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது நிலைமை தலைகீழாகிவிட்டது. திரும்ப வாசித்தவர்களுக்கு 42 விழுக்காடுதான் நினைவில் நின்றது. மூடி வைத்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 விழுக்காடு. பரீட்சை ஐந்து நிமிடம் கழித்தா வருகிறது? வாரங்கள் கழித்தல்லவா வருகிறது!

எனவே இப்படிச் செய்யுங்கள். வகுப்பு முடிந்த அன்று மாலையே குறிப்பை ஒரு முறை வாசியுங்கள். பிறகு அதை மூடி வைத்துவிட்டு, வெறும் தாளில் நினைவிலிருந்து எழுதுங்கள். எழுதி முடித்ததும் குறிப்போடு ஒப்பிட்டு, விட்டுப்போனதைச் சிவப்பு மையால் எழுதுங்கள். அந்தச் சிவப்புதான் நீங்கள் படிக்க வேண்டிய பாடம். இரண்டு நாள் கழித்து மறுபடியும் எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து ஒரு முறை, ஒரு மாதம் கழித்து ஒரு முறை. ஒவ்வொரு தடவையும் சிவப்பு குறைந்துகொண்டே வரும்.

இடைவெளி எதற்கு என்று கேட்கிறீர்களா? அப்பாவைக் கேளுங்கள். பல தோட்டங்களில் பால் மரத்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டுவது ஏன்? மரத்துக்குப் பால் ஊற நேரம் வேண்டும். அவசரப்பட்டு ஒரே நாளில் மூன்று முறை வெட்டினால் மூன்று மங்கு பால் கிடைத்துவிடாது, பட்டைதான் கெடும். படிப்பும் அப்படியே. ஒரே இரவில் ஆறு மணி நேரம் படிப்பதைவிட, ஆறு நாட்களில் ஒவ்வொரு மணி நேரம் படித்தது நீண்ட நாள் நிற்கும்.

இன்னொரு சுமை நம் பிள்ளைகளுக்கு உண்டு. ஆறாம் ஆண்டு வரை தமிழில் படித்து, இடைநிலைப் பள்ளியில் மலாயில் படித்து, பல்கலைக்கழகத்தில் தடித்தடியான ஆங்கிலப் புத்தகங்களைப் பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கும். வெட்கப்பட வேண்டாம். ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். புதிய கலைச்சொல் வரும்போதெல்லாம் ஆங்கிலத்தில் ஒரு பக்கம், மலாயில் ஒரு பக்கம், அதன் பொருளை உங்கள் சொந்தத் தமிழில் ஒரு வரி என்று எழுதுங்கள். தமிழில் ஒரு வரி எழுத வரவில்லையென்றால் அது இன்னும் விளங்கவில்லை என்று பொருள். விளங்கிக்கொள்வது எந்த மொழியில் இருந்தாலும் சரி. எழுதிப் பழகுவதை மட்டும் பரீட்சை மொழியிலேயே செய்யுங்கள்.

பல பல்கலைக்கழக நூலகங்களில் கடந்த ஆண்டுகளின் வினாத்தாள்கள் கிடைக்கும். பத்தாவது வாரத்திலிருந்து, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, வாரம் ஒரு தாளாவது எழுதிப் பாருங்கள். மூன்று மணி நேரத்தில் நான்கு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 25 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். வாசிக்கப் பத்து நிமிடம், கடைசியில் சரிபார்க்கப் பத்து நிமிடம் ஒதுக்கினால் மிச்சம் 160 நிமிடம். கேள்விக்கு 40 நிமிடம். தெரிந்த கேள்வி என்று ஒன்றுக்கே எழுபது நிமிடம் எழுதினால், கடைசிக் கேள்விக்கு நேரமே இராது. ‘ஹுராய்கான்’ என்றால் விளக்க வேண்டும். ‘பண்டிங்கான்’ என்றால் ஒப்பிட வேண்டும். கேட்டதற்குத்தான் புள்ளி, தெரிந்ததையெல்லாம் கொட்டுவதற்கு அல்ல.

பரீட்சைக்கு முதல் நாள் இரவு கண் விழிக்காதீர்கள். பகலில் படித்தது நினைவில் உறுதிப்படுவதற்குத் தூக்கம் துணை செய்கிறது. தூக்கத்தைத் திருடிப் படிப்பவன், படித்ததையே திருடிக்கொள்கிறான்.

பெற்றோருக்கு

இனி உங்களோடு பேசுகிறேன். “நாங்கள் படிக்காதவர்கள், பல்கலைக்கழகப் படிப்புக்கு எங்களால் என்ன செய்ய முடியும்?” என்று கேட்கிறீர்கள். நிறையச் செய்ய முடியும்.

முதலாவது, பிள்ளை தொலைபேசியில் பேசும்போது, “எத்தனை மார்க்?” என்று கேட்காதீர்கள். “இன்னிக்கு என்ன படிச்ச? எனக்குப் புரியுற மாதிரி சொல்லு” என்று கேளுங்கள். அவன் சொல்வது உங்களுக்கு முழுவதும் விளங்காவிட்டாலும் பரவாயில்லை. புத்தகத்தைப் பார்க்காமல் உங்களுக்குச் சொல்ல முயலும்போது அவன் தன் நினைவைத்தானே சோதித்துக்கொள்கிறான். ஆய்வாளர்கள் வெள்ளைத்தாளில் செய்த வேலையை, எழுதப் படிக்கத் தெரியாத தாயும் தொலைபேசியில் செய்துவிடலாம். “அது எப்படி?” “அதுக்கப்புறம் என்ன ஆகும்?” என்ற இரண்டு கேள்விகள் போதும்.

இரண்டாவது, கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று எல்லாவற்றுக்கும் பிள்ளையை ஊருக்கு அழைக்காதீர்கள். பல பல்கலைக்கழகங்களில் 80 விழுக்காடு வகுப்புகளுக்காவது போயிருந்தால்தான் பரீட்சை எழுத விடுவார்கள். அவனுடைய பரீட்சைத் தேதிகளைக் கேட்டு வாங்கி, வீட்டு நாட்காட்டியில் வட்டம் போட்டு வையுங்கள். மாமன் மகள் கல்யாணத்துக்கு வராவிட்டால் யாராவது கோபித்துக்கொண்டால், அந்தக் கோபத்தை நீங்கள் தாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளையின் தலையில் ஏற்றாதீர்கள்.

மூன்றாவது, விடுமுறையில் வீட்டுக்கு வந்து படிக்கும் பிள்ளைக்கு ஒரு மேசை, ஒரு விளக்கு, இரண்டு மணி நேர அமைதி. வீடு சிறியதாக இருக்கலாம். மாலை 7 மணியிலிருந்து 9 மணி வரை தொலைக்காட்சியை மூடி வைத்தால், சின்னப் பிள்ளைகளும் அண்ணனோடு உட்கார்ந்து படிப்பார்கள். பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகளைத் தம்பி தங்கைகளுக்கும் பாடம் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். சொல்லிக்கொடுப்பவருக்குத் தம் படிப்பும் உறுதிப்படும். 1982இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையத்தில், பல்கலைக்கழக மாணவர்களே முன்வந்து நம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து வந்ததை உங்களில் பலர் அறிவீர்கள்.

நான்காவது, இதுதான் முக்கியமானது. முதல் பருவ முடிவு நன்றாக இல்லாவிட்டால் வீட்டை இரண்டாக்காதீர்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் 4.00 புள்ளிக்குக் கணக்கு. 2.00க்குக் கீழே போனால் எச்சரிக்கை வரும். ஒரு பிள்ளை முதல் பருவத்தில் 1.80 எடுத்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பருவத்திலும் ஒரே அளவு கிரெடிட் எடுத்தால், அடுத்த மூன்று பருவங்களில் சராசரி 3.40 எடுத்தால் அவன் மொத்தம் 3.00க்கு ஏறிவிடுவான். கடினம்தான், ஆனால் வழி இருக்கிறது. இரண்டாம் பருவமும் அப்படியே போய், அதையும் மறைத்துவிட்டால், வழி குறுகிக்கொண்டே போகும்.

மறைப்பதற்குக் காரணம் என்ன? பயம். அப்பா திட்டுவாரே என்பதைவிட, அம்மா ஒன்றும் பேசாமல் அழுவாளே என்ற பயம். ஆகவே முடிவு வருவதற்கு முன்பே பிள்ளையிடம் சொல்லிவையுங்கள்: “நல்லது வந்தாலும் சொல்லு, கெட்டது வந்தாலும் முதல்ல எங்ககிட்டத்தான் சொல்லணும்.” சொன்ன பிறகு, அவன் உண்மையைச் சொல்லும் நாளில் அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.

பிறகு அவனை மூன்று இடங்களுக்கு அனுப்புங்கள். ஒன்று, அந்தப் பாடத்தின் விரிவுரையாளர்; எங்கே புள்ளி போயிற்று என்று அவர்தான் சொல்ல முடியும். இரண்டு, கல்வி ஆலோசகர். அடுத்த பருவத்தில் எத்தனை பாடம் எடுக்கலாம் என்று அவரோடு கலந்து பேச வேண்டும். மூன்று, மாணவர் விவகாரப் பிரிவு. கைச்செலவுக்குப் பணமில்லாமல் இரவு வேலைக்குப் போய் வகுப்பில் தூங்குகிறான் என்றால், அதைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. கேட்காமல் திரும்பி வருவதுதான் நஷ்டம்.

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். நாளுக்கு நான்கு மணி நேரம், மூடி வைத்து எழுதிய ஒரு தாள், வாரம் ஒரு முறை அம்மாவோடு பாடத்தைப் பற்றி ஒரு பேச்சு. அம்மியை நகர்த்த இவ்வளவு போதும்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள். பிள்ளையைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள். சாப்பிட்டாயா என்று கேட்ட பிறகு, பரீட்சை எந்தத் தேதி என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதற்கடுத்து, “இந்த வாரம் என்ன பாடம் நடந்துச்சு, சொல்லு கேப்போம்” என்று காது கொடுங்கள்.