நத்தைக் கோழையும் முகப் பொலிவும்



கம்பம் மெட்டு வழியாக நாள்தோறும் ஏலத்தோட்ட வேலைக்குச் சென்று திரும்பும் தாய் ஒருவர், அண்மையில் ஒரு சிறு புட்டியைக் கொண்டுவந்து காட்டினார். கல்லூரியில் பயிலும் அவருடைய மகள் கைப்பேசி வழியாகத் தருவித்தது அது. "நத்தையோட கோழையாம் சாமி. மூஞ்சியில பூசினா பளபளன்னு ஆகுமாம். விலை ஆயிரத்துக்கு மேல. இது நல்லதா, கெட்டதா? பிள்ளையைத் தடுக்கவா, விடவா?" என்று கேட்டார்.

அத்தாய்க்கு அந்தப் புட்டி இரண்டு நாள் கூலியையும் விழுங்கிவிடும் பொருள். ஆகவே அவர் வினாவை நகைத்து ஒதுக்குதல் தகாது. தேனியிலும் கம்பத்திலும் சின்னமனூரிலும் எத்தனையோ இல்லங்களில் இன்று இக்கேள்வி எழுகிறது. எனவே இம்மாதம் இதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

முதற்கண், இப்பொருள் யாது? நத்தை செல்லும் வழியெல்லாம் வெள்ளிக் கோடு போன்ற ஒரு தடம் படிவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அதுவே நத்தையின் கோழை. கடைக்காரர்கள் அதனை 'ஸ்னெயில் மியூசின்' என்பர். நத்தையின் மேனியில் செதிலும் இல்லை, உரோமமும் இல்லை. வெயில் பட்டால் விரைவில் உலர்ந்து மடியக்கூடிய மெல்லிய உடல் அது. அவ்வுடலின் ஈரத்தைக் காப்பதும், கரடுமுரடான தரையில் காயமின்றி ஊர்ந்து செல்ல உதவுவதும் இக்கோழையின் பணிகளாகும். கோடையில் நத்தை தன் ஓட்டுக்குள் ஒடுங்கி, வாயிலை இதே கோழையால் அடைத்துக்கொண்டு, மழை வரும்வரை காத்திருக்கும்.

இக்கோழையில் மிகப் பெரும்பகுதி தண்ணீரே. எஞ்சிய சிறு பகுதியில் கிளைக்கோபுரதங்கள், ஹையலூரோனிக் அமிலம், அலன்டாயின், சிறிதளவு கிளைக்காலிக் அமிலம் முதலியவை உள்ளன. இவற்றுள் ஹையலூரோனிக் அமிலம் நீரை ஈர்த்துப் பிடித்து வைக்கும் ஆற்றல் உடையது. நம் தோலிலும் அது இயல்பாகவே இருக்கிறது. அலன்டாயின் எரிச்சலைத் தணிக்கும். கிளைக்காலிக் அமிலம் தோலின் மேற்பரப்பிலுள்ள இறந்த செல்கள் உதிர உதவும். சுருங்கக் கூறின், நத்தைக்கு ஈரம் காத்துக் கொடுக்கும் பொருள் மனிதத் தோலுக்கும் ஓரளவு ஈரம் காத்துக் கொடுக்கிறது. இதன் முதன்மையான பயன் இதுவே.

நத்தையை மருந்தாகக் கொள்வது நமக்குப் புதிதன்று. முல்லைப் பெரியாற்று நீர் பாயும் நம் வயல்களில் கிடைக்கும் நத்தையைச் சமைத்து உண்டால் மூலநோய் தணியும் என்று நம் முன்னோர் நம்பினர். சித்த மருத்துவத்தில் நத்தைப் பற்பம் என்றொரு மருந்தும் உண்டு. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. அவர்கள் பயன்படுத்தியது நீர்நத்தை. அதுவும் சமைத்தோ புடமிட்டோ உட்கொண்டது. முகத்தில் பூசும் இன்றைய பொருள் வேறு. அது பெரும்பாலும் ஐரோப்பியத் தோட்டங்களின் பழுப்பு நிற நில நத்தையிலிருந்து எடுக்கப்படுவது. இரண்டையும் ஒன்றெனக் கருதி, "இது நம் பாட்டன் வைத்தியமே" என்று விளம்பரம் செய்வோர் சொல்லை நம்ப வேண்டுவதில்லை.

இந்நில நத்தை மருத்துவர்களின் கருத்தைக் கவர்ந்தது எவ்வாறு? ஸ்பெயின் நாட்டில் ராபேல் அபாத் இக்லேசியாஸ் என்னும் புற்றுநோய்க் கதிர்ச்சிகிச்சை மருத்துவர் 1960-களில் இதனை ஆராயத் தொடங்கினார். கதிர்வீச்சுக்கு உட்பட்ட நத்தைகள் சுரக்கும் நீர் அவற்றின் காயங்களை ஆற்றுவதை அவர் கவனித்தார். கதிர்ச்சிகிச்சையால் புண்ணான நோயாளரின் தோலுக்கு அதனைப் பயன்படுத்தும் முயற்சி இவ்வாறு பிறந்தது. 2009-ஆம் ஆண்டில் கிரேக்க நாட்டு மருத்துவர்கள் தீப்புண்ணை ஆற்ற நத்தைச் சாறு கலந்த களிம்பு உதவியதென ஆய்வுரை வெளியிட்டனர். ஆக, அழகுப் பொருளாவதற்கு முன்பே இது புண் ஆற்றும் பொருளாக ஆராயப்பட்டது. பின்னர் தென் கொரிய நிறுவனங்கள் இதனை முகப்பூச்சாக்கி உலகெங்கும் பரப்பின.

முகச் சுருக்கம் பற்றிய ஆய்வுகளும் உண்டு. 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வெயிலால் முகத்தோல் முதிர்ந்த 25 பேர் முகத்தின் ஒரு பக்கத்தில் நத்தைச் சுரப்பு கலந்த பூச்சையும், மறுபக்கத்தில் அது கலவாத பூச்சையும் 12 வாரங்கள் பூசி வந்தனர். நத்தைப் பூச்சு பூசிய பக்கத்தில் கண்ணோரச் சுருக்கங்கள் குறைந்தன. இது நற்செய்தியே. எனினும் 25 பேர் என்பது சிறு தொகை. இத்துறையில் பெரிய அளவிலான ஆய்வுகள் மிகக் குறைவு. வேறு மலிவான ஈரப்பூச்சுகளோடு ஒப்பிட்ட ஆய்வுகளோ இன்னும் குறைவு. "பத்தே நாளில் பத்து வயது குறையும்" என்போர் சொல்லுக்கு இவ்வாய்வுகள் சான்று ஆகா.

புட்டியின் மீது காணப்படும் எண்ணும் சிலரை மயக்குகிறது. புகழ்பெற்ற கொரியத் தயாரிப்பு ஒன்றின் பெயரிலேயே 96 என்னும் எண் உள்ளது. நூற்றுக்கு 96 பங்கு நத்தைச் சுரப்பு வடிநீர் என்பது அதன் பொருள். அவ்வடிநீரிலும் பெரும்பகுதி தண்ணீரே என்பதை நினைவில் கொள்க.

இனி, நம் பள்ளத்தாக்கில் வாழ்வோர் இதனை எவ்வாறு பயன்படுத்துவது? ஆனி, ஆடி மாதங்களில் கம்பம் கணவாய் வழியாக வீசும் காற்றை அறியாதார் யார்? மேற்கே மலையுச்சியில் மழை பொழிய, இங்கே வறண்ட காற்று முகத்தையும் உதட்டையும் வெடிக்கச் செய்கிறது. ஈரம் ஈர்க்கும் பூச்சை உலர்ந்த தோலில் பூசி, அதன்மேல் காப்பு ஏதும் இடாமல் விட்டால், அக்காற்று அவ்வீரத்தையும் பறித்துச் செல்லும். ஆதலால் முகத்தை மென்மையாகக் கழுவி, துடைத்தும் துடைக்காத ஈரம் இருக்கும்போதே இரண்டு மூன்று துளிகளைப் பரப்புதல் வேண்டும். சற்று நேரம் கழித்து அதன்மேல் வழக்கமான கிரீம் ஒன்றை மெல்லியதாகப் பூசி ஈரத்தை மூடிவிடுதல் வேண்டும். பகலில் வெளியே செல்வோர் இவற்றின் மேல் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட வெயில்காப்புப் பூச்சும் இடுவது நலம். முகத்தோலை முதிரச் செய்வதில் வெயிலுக்கே பெரும் பங்கு உண்டு. வெயிலைத் தடுக்காமல் நத்தைக் கோழையை மட்டும் பூசுவது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதை ஒக்கும்.

முதன்முறை பயன்படுத்துவோர் நேரே முகத்தில் பூசுதல் கூடாது. முழங்கையின் உட்புறத்தில் ஒரு துளி தடவி, இரண்டு மூன்று நாள்கள் பொறுத்துப் பாருங்கள். அரிப்போ சிவப்போ கண்டால் அதனை விட்டுவிடுங்கள். வீட்டுத் தூசியிலுள்ள நுண்ணுண்ணியால் மூச்சிரைப்பு, தும்மல் அடைவோர் சிலருக்கு நத்தையும் ஒவ்வாமையை உண்டாக்குவதுண்டு. அவர்கள் கூடுதலாக எச்சரிக்கை கொள்க. திறந்த புண், தீக்காயம், சீழ்பிடித்த பரு ஆகியவற்றின் மீது தாமாகவே பூசுதல் ஆகாது. திராட்சைத் தோட்டத்தில் மருந்தடித்துக் கைகளில் கொப்புளமும் வெடிப்பும் கண்டோர் எந்தப் புட்டியையும் நாட வேண்டா, க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்று தோல் மருத்துவரைக் காண்பதே முறை.

இங்கே மூன்று எச்சரிக்கைகளைத் தாய்மார்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

முதலாவது, தோட்டத்து நத்தையைப் பிடித்து முகத்தில் ஊரவிடும் விபரீதம். அத்தகைய படங்களைக் கைப்பேசியில் கண்டு, "இலவசமாகக் கிடைப்பதை விலைகொடுத்து வாங்குவானேன்?" என்று எண்ணுவோர் உண்டு. நம் நாட்டில் மழைக்காலத்தில் கூட்டமாகத் தோன்றும் பெரிய நத்தை ஆப்பிரிக்க இனத்தது. 1847-இல் வில்லியம் பென்சன் என்பவர் மொரீசியசிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்த சில நத்தைகளே இங்கு அதன் தொடக்கம். இன்று கேரளம் முதலிய பல மாநிலங்களில் அது பயிர்களை அழிக்கும் பகையாகப் பெருகிவிட்டது. எலியின் நுரையீரலில் வாழும் ஒருவகைப் புழுவின் இளம்புழுக்கள் இந்நத்தையின் உடலில் வளர்கின்றன. அவை மனிதன் வயிற்றுக்குள் சென்றால் மூளையுறை அழற்சியை உண்டாக்கக்கூடும். ஆகவே நத்தையை வெறுங்கையால் தொடுதல் கூடாது. தொட நேர்ந்தால் சோப்பிட்டுக் கழுவுக. கீரையையும் காய்களையும் நன்றாக அலசிய பின்னரே உண்க. கடையில் விற்பது வடிகட்டிப் பதப்படுத்திய பொருள். வேலியோரத்து நத்தை அவ்வாறன்று.

இரண்டாவது, போலிச் சரக்கு. 2020-ஆம் ஆண்டின் அழகுப் பொருள் விதிகளின்படி, வெளிநாட்டிலிருந்து வரும் பூச்சின் மேலுறையில் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, அரசுப் பதிவுச் சான்று எண் ஆகியவை இருத்தல் வேண்டும். தயாரிப்புத் தொகுதி எண்ணையும் காலாவதி நாளையும் பாருங்கள். கலந்துள்ள பொருள்களின் பட்டியலில் மிகுதியாக உள்ளதே முதலில் வரும். நத்தைச் சுரப்பு பட்டியலின் கடைசியில் இருந்தால், அப்புட்டியில் நத்தையின் படம் பெரிது, பயன் சிறிது என்று அறிக.

மூன்றாவதே யாவற்றினும் முக்கியமானது. நத்தைக் கோழை ஒருவரையும் வெள்ளையாக்காது. நம் தோலின் நிறம் மெலனின் என்னும் நிறமியால் அமைவது. வெயிலிலிருந்து நம்மைக் காப்பதும் அந்நிறமியே. ஆயினும் நம் இளம்பெண்களுள் பலர் இதனை வாங்குவது ஈரத்திற்காக அன்று, நிறத்திற்காகவே. அவர்களை மட்டும் குறைகூறிப் பயன் என்ன? பெண் பார்க்க வருவோர், "பிள்ளை கொஞ்சம் கறுப்போ?" என்று கூசாமல் கேட்கும் ஊர்தானே நம்முடையது? 1975-இல் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்டு லவ்லி', 2020-இல்தான் 'குளோ அண்டு லவ்லி' எனத் தன் பெயரை மாற்றிக்கொண்டது. பெயர் மாறினாலும் ஆசை மாறவில்லை.

இவ்வாசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மலைக்கு அப்பால் ஒரு சான்று உண்டு. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2023-இல், நிறம் வெளுக்கச் செய்யும் பூச்சுகளைப் பயன்படுத்திய சிலர் சிறுநீரக நோய்க்கு ஆளாயினர். அப்பூச்சுகளில் பாதரசம் கலந்திருந்ததே காரணமென மருத்துவர்கள் கண்டனர். பாதரசம் நிறமி உருவாவதைத் தடுத்து முகத்தை விரைவில் வெளுக்கச் செய்யும். அதே வேளையில் தோல் வழியே இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். நத்தைக் கோழை அத்தகைய நஞ்சன்று. ஆனால் நத்தைப் புட்டியால் வெளுக்காத பெண், அடுத்து எந்தப் புட்டியை நாடுவாள் என்பதே பெற்றோர் அஞ்ச வேண்டியது. சில நாள்களிலேயே முகம் வெளுக்கிறது என்றால், அங்கே மகிழ்ச்சிக்கு இடமில்லை, ஐயத்திற்கே இடமுண்டு.

அவ்வாறாயின் தடுப்பதா, விடுவதா? வெளிநாட்டுப் பொருள் என்ற காரணத்தாலேயே ஒன்றை வெறுக்க வேண்டுவதில்லை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையும், 1832-இல் பிரெஞ்சுக் குரு ஒருவர் தமிழகத்திற்குக் கொண்டுவந்தது என்றுதானே சொல்லப்படுகிறது? வசதியுடையோர், தோல் ஏற்கும் எனில், இதனை அளவோடு பயன்படுத்தலாம். ஆனால் கடன்பட்டோ, வீட்டுச் செலவைக் குறைத்தோ வாங்கும் அளவுக்கு இதில் அருமை ஏதுமில்லை. ஈரத்தை ஈர்க்கும் பணியைக் கிளிசரினும் செய்யும். சிறிதளவு கிளிசரினைப் பலமடங்கு நீரில் கலந்து ஈரமான தோலில் தடவலாம். ஈரத்தை மூடிக் காக்கும் பணியை வாசலினும் தேங்காய் எண்ணெயும் செய்யும். பருத்தொல்லை உடையோர் மட்டும் முகத்தில் எண்ணெயைத் தவிர்ப்பது நன்று. இவற்றின் விலை அப்புட்டியின் விலையில் மிகச் சிறு பகுதியே. வெயிலில் வேலை செய்வோருக்குத் தலையில் இடும் முக்காடும், அகன்ற விளிம்புத் தொப்பியும் செலவில்லாக் காப்புகள்.

பெற்றோரே, உங்கள் மகள் ஒரு புட்டியை வாங்கி வந்தால், அதனைப் பிடுங்கி எறியாதீர்கள். அருகில் அமர்ந்து, மேலுறையில் எழுதியிருப்பதை அவளையே படிக்கச் சொல்லிக் கேளுங்கள். எதற்காக அதனை வாங்கினாள் என்று பரிவோடு வினவுங்கள். "முகம் வறள்கிறது" என்றால், பயன்படுத்தும் முறையைச் சொல்லிக் கொடுங்கள். "நான் கறுப்பு என்கிறார்கள்" என்றால், அங்கே வேண்டியது வேறு மருந்து. அவளுடைய நிறத்தைக் குறைகூறும் பேச்சு உங்கள் வீட்டுத் திண்ணையில் ஒலிக்க இடங்கொடாதீர்கள். உற்றார் சொன்னாலும் அவள் கேட்கவே மறுத்துரையுங்கள். உங்கள் மகனுக்குப் பெண் தேடும் நாளிலும் இதனை மறவாதீர்கள்.